நான்கு வழிகள்: 2014 கோடையில் டோனி குரோஸ் எடுத்த முடிவை எடைபோடுதல்

2014 ஜூன் மாதத்தில் உலகக் கோப்பைக்காகப் பிரேசிலில் தங்கியிருந்த ஜெர்மன் நடுக்கள வீரர் டோனி குரோஸுக்கு, பேயர்ன் மியூனிக் கிளப்புடன் போட்டிருந்த ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டே மிச்சமிருந்தது. வயது 24. அவர் முன் நான்கு வழிகள் இருந்தன. கிளப் கொடுக்க முன்வந்த சம்பளத்தை ஏற்றுக்கொண்டு மியூனிக்கிலேயே ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம்; சில மாதங்களுக்கு முன் ஏறக்குறைய பேசி முடித்திருந்த மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போகலாம்; உலகக் கோப்பையின்போது அழைப்பு வந்த ரியல் மாட்ரிடுக்குப் போகலாம்; அல்லது எதையும் செய்யாமல் ஓராண்டு காத்திருந்து, 2015 கோடையில் எந்தக் கிளப்பும் யாருக்கும் ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டியிராத நிலையில், விரும்பிய இடத்துக்குப் போகலாம்.

அவர் மாட்ரிடைத் தேர்ந்தெடுத்ததும், அங்கே பத்து ஆண்டுகளில் ஐந்து முறை, ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் பட்டத்தை வென்றதும் கால்பந்து பார்க்கும் எவருக்கும் தெரிந்த கதை. இந்த ஒப்பீட்டைக் கடினமாக்குவதும் அதுதான். பட்டங்களை எண்ணிவிட்டுச் ‘சரியான முடிவு’ என்று முத்திரை குத்த யாராலும் முடியும். ஆனால் அந்த ஜூன் மாதத்தில் அவர் கையில் அந்தப் பட்டங்கள் இல்லை, நான்கு வாய்ப்புகள்தாம் இருந்தன. அன்று தெரிந்திருந்த விவரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எது மேலானது என்பதே இங்கே கேள்வி. இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. அவரோடு தேசிய அணியில் ஆடிய ஜெர்மானியர்களில் இந்த நான்கு வழிகளுக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு சான்று கிடைக்கிறது.

முதலில் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒப்பீட்டின் அளவுகோல் அதிலிருந்துதான் வருகிறது. குரோஸ் வேகமாக ஓடுபவரல்லர், முட்டி மோதிப் பந்தைப் பறிப்பவருமல்லர். இடது சென்டர் பேக்குக்கும் (நடுத் தடுப்பாளர்) இடது ஃபுல் பேக்குக்கும் (ஓரத் தடுப்பாளர்) நடுவிலுள்ள வெற்றிடத்துக்கு இறங்கி வந்து, பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டு, உடலை மைதானத்தின் பக்கம் பாதி திறந்து வைத்தபடி பந்தை வாங்கி, அடுத்த தொடுதலிலேயே எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்கும் வீரரின் காலடிக்கு நாற்பது மீட்டர் தூரப் பாஸ் ஒன்றை வலது காலால் அனுப்பிவிடுவார். இப்படிப்பட்டவருக்கு அணியில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. ஆட்டத்தின் பந்து அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று அணி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுவதற்கும் தடுப்பதற்கும் வேறு ஆட்கள் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் வெறும் மெதுவான வீரராகத் தெரிவார்.

தனக்கு இடமில்லாத இடத்தில் காத்திருக்கும் வழக்கம் அவருக்கு அதற்கு முன்பும் இருந்ததில்லை. கிழக்கு ஜெர்மனியின் கடலோர நகரமான கிரைஃப்ஸ்வால்டில் பிறந்து, ஹான்சா ராஸ்டாக்கின் இளையோர் பிரிவு வழியாக 2006இல் மியூனிக் வந்தவர். 17 வயதில் முதல் அணிக்கு ஆடியவர். அதே 2007இல் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் சிறந்த வீரர். இருந்தும் மியூனிக்கில் பெஞ்சில் உட்கார வேண்டி வந்தபோது, 2009 ஜனவரியில் பேயர் லெவர்குசனுக்கு ஒன்றரை ஆண்டுக் கடனில், அதாவது தற்காலிகமாக, போனார். யூப் ஹைன்கெஸ் பயிற்சியாளராக இருந்த 2009-10 பருவத்தில் அங்கே லீக்கில் ஒன்பது கோல்கள் அடித்த பிறகுதான் பேயர்ன் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

இனி மியூனிக்கிலேயே இருப்பது என்ற முதல் வழி. வெளியிலிருந்து பார்த்தால் இதுவே எளிதானது. அணி 2013இல் மூன்று பெரிய பட்டங்களையும் ஒரே பருவத்தில் வென்றிருந்தது. 2014 மார்ச்சிலேயே, ஏழு ஆட்டங்கள் மிச்சமிருக்க, ஜெர்மன் லீக்கான புண்டஸ்லீகாவின் பட்டத்தை உறுதி செய்திருந்தது. பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவோ பந்தைத் தன் அணியிடமே வைத்திருப்பதையே கொள்கையாகக் கொண்டவர், குரோஸைப் போன்ற வீரருக்காகவே பிறந்தவர் என்றுகூடச் சொல்லலாம். குரோஸ் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதில் ஐயமில்லை.

ஆனால் ஒப்பந்தம் எழுதுவது பயிற்சியாளரல்லர், நிர்வாகம். அணியில் மிக அதிகச் சம்பளம் வாங்குவோரின் வரிசையில் தன்னையும் வைக்க வேண்டும் என்று குரோஸ் கேட்டதாகவும், நிர்வாகம் அதற்கு ஒப்பவில்லை என்றும் அந்தக் குளிர்காலம் முழுவதும் செய்திகள் வந்துகொண்டிருந்தன. இங்கே தொகையைவிட ஒப்பீடுதான் அவரை உறுத்தியிருக்க வேண்டும். ஹாவி மார்ட்டினெஸுக்காக 2012இல் 4 கோடி யூரோவும், மரியோ கெட்ஸேவுக்காக 2013இல் 3.7 கோடி யூரோவும் கொடுத்த கிளப் அது. தன் சொந்த இளையோர் பிரிவில் வளர்ந்தவனுக்கு, வெளியிலிருந்து வாங்கி வந்தவனுக்குக் கொடுப்பதைக் கொடுக்கத் தயங்குவது பெரிய கிளப்புகளிடம் உள்ள பழைய நோய். வீட்டுப் பிள்ளைதானே, எங்கே போய்விடுவான் என்ற எண்ணம். 2014 ஜனவரி இறுதியில் ஸ்டுட்கார்ட்டுக்கு எதிரான ஆட்டத்தில் தன்னை வெளியே அழைத்தபோது குரோஸ் கையுறைகளைக் கழற்றி வீசியதை ஜெர்மன் ஊடகங்கள் பெரிய செய்தியாக்கின. பொதுவாக முகத்தில் எதையும் காட்டாதவர் அவர் என்பதால், அந்தச் சிறு கோபத்துக்குக் கனம் அதிகம்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நடுக்களத்தில் ஆட்கள் நிரம்பி வழிந்தார்கள். பாஸ்டியான் ஷ்வைன்ஸ்டைகர், மார்ட்டினெஸ், 2013இல் குவார்டியோலா கேட்டு வாங்கிய தியாகோ, போதாக்குறைக்கு ஃபுல் பேக் இடத்திலிருந்து நடுக்களத்துக்குக் கொண்டுவரப்பட்ட கேப்டன் ஃபிலிப் லாம். இவர்களில் ஆட்டத்தின் திசையை முடிவு செய்பவர் யார் என்று கேட்டால், குரோஸ் என்று உறுதியாகச் சொல்ல அப்போது யாராலும் முடியாது.

இந்த வழியில் கடைசிவரை போனவர் தாமஸ் முல்லர். அவர் 2025 வரை மியூனிக்கிலேயே ஆடி, 13 புண்டஸ்லீகா பட்டங்களையும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் பட்டங்களையும் வென்றார். குறை சொல்ல முடியாத வாழ்க்கைதான். ஆயினும் 2019 இலையுதிர்காலத்தில் பயிற்சியாளர் நிகோ கோவாச் அவரைத் தொடர்ந்து பெஞ்சில் உட்கார வைத்தபோது, கிளப்பின் அடையாளமாகவே கருதப்பட்ட ஒருவருக்கும் அங்கே நிரந்தர உத்தரவாதம் கிடையாது என்பது தெரிந்தது. பயிற்சியாளர் மாறி ஹன்சி ஃப்ளிக் வந்ததால் அவர் தப்பித்தார். மியூனிக்கை விட்டுப் போகாமலிருப்பதும் ஆபத்தில்லாத வழியன்று.

இரண்டாவது வழியான மான்செஸ்டர் இன்று நினைத்துப் பார்க்கும்போது வேடிக்கையாகத் தோன்றலாம், அன்று அப்படியில்லை. அப்போதைய பயிற்சியாளர் டேவிட் மோயஸ் தன்னை நேரில் வந்து சந்தித்ததாகவும், பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டதாகவும் குரோஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்ட நடுக்களத்தில் ஆட்டத்தை நடத்த ஆளில்லை, ஆகவே இடத்துக்கும் குறைவில்லை. பந்து யார் வழியாகப் போகும் என்ற அளவுகோலில் மட்டும் பார்த்தால் மான்செஸ்டர்தான் முதலில் நிற்கும் என்பேன்.

ஆனால் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த மோயஸ், பத்து மாதம்கூட நிறைவதற்கு முன், 2014 ஏப்ரல் 22ஆம் தேதி நீக்கப்பட்டார். அணி லீக்கில் ஏழாவது இடத்தில் முடித்தது. அதன் பொருள், அடுத்த பருவத்தில் ஐரோப்பியப் போட்டி எதிலும் யுனைடெட் ஆடாது. 1990க்குப் பிறகு அப்படி நடப்பது அதுவே முதல் முறை. புதிதாக வந்த லூயி வான் ஹால் மியூனிக்கில் குரோஸுக்குப் பயிற்சியாளராக இருந்தவர், அவரை நன்கு அறிந்தவர். அவர் அணியைத் தன் போக்கில் கட்டிக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து தகவல் வராமல் போனதால் தனக்குத் தயக்கம் வந்ததாகவும், அந்த நேரத்தில்தான் ரியல் மாட்ரிடின் பயிற்சியாளர் கார்லோ ஆஞ்செலோட்டி அழைத்ததாகவும் குரோஸ் கூறியிருக்கிறார்.

என் பார்வையில் இந்த மௌனத்தைவிடப் பெரிய தகவல் வேறொன்று உண்டு. ஆறு ஆண்டுத் திட்டம் என்று அறிவித்துவிட்டுப் பத்து மாதத்தில் அதைக் கைவிட்ட நிர்வாகம், ஒரு வீரரிடம் சொல்லும் திட்டத்துக்கு என்ன மதிப்பு என்று குரோஸ் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. ஓராண்டு கழித்து அதே வான் ஹாலை நம்பி மான்செஸ்டர் போனவர் ஷ்வைன்ஸ்டைகர். முதல் பருவத்தில் காயங்களுக்கு நடுவே லீக்கில் 18 ஆட்டங்கள். 2016 மே மாதத்தில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாளே வான் ஹால் நீக்கம்; அடுத்து வந்த ஜோசே மொரின்யோ, உலகக் கோப்பை வென்ற அந்த வீரரை முதல் அணியின் பயிற்சியிலிருந்தே ஒதுக்கினார்; 2017 மார்ச்சில் ஷ்வைன்ஸ்டைகர் சிகாகோவுக்குப் போய்விட்டார். அவர் அங்கே போகும்போது 30 வயதைத் தாண்டியவர், குரோஸுக்கு 24தான் என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. ஆனால் அவரை முடக்கியதில் வயதுக்கு மட்டும் பங்கில்லை, கிளப்பின் தடுமாற்றத்துக்கும் பங்குண்டு. அந்தத் தடுமாற்றம் 24 வயதுக்காரரையும் விட்டுவைத்திருக்காது.

காத்திருப்பது என்ற வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் அதை விட்டுவிடுவதும் தவறு. ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் ஒரு வீரர் வெளிநாட்டுக் கிளப்புடன் தானாகவே பேசி முடிக்கலாம்; வாங்கும் கிளப் பழைய கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை கொடுக்க வேண்டியதில்லை என்பதால், அதில் ஒரு பகுதி வீரரின் சம்பளமாகவும் கையெழுத்துத் தொகையாகவும் மாறும். மிகேல் பாலாக் 2006இல் பேயர்னிலிருந்து செல்சிக்கு இப்படித்தான் போனார். அதே 2014 கோடையில் ராபர்ட் லெவண்டோவ்ஸ்கியை டார்ட்மண்டிலிருந்து பேயர்ன் பெற்றதும் இதே முறையில், ஒரு காசு கொடுக்காமல். ஆகவே குரோஸ் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை மியூனிக் நிர்வாகம் எவரையும்விட நன்றாகவே அறிந்திருந்தது.

பணக் கணக்கில் இதுவே ஆகச் சிறந்த வழி. உடல் கணக்கில் ஆக மோசமான வழி. 2013 ஏப்ரலில் யுவென்டஸுக்கு எதிராக ஏற்பட்ட தொடைக் காயத்தால், அந்தப் பொற்பருவத்தின் மிச்ச ஆட்டங்கள் அனைத்தையும், வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் உட்பட, குரோஸ் வெளியிலிருந்துதான் பார்த்தார். அதே ஆண்டு நவம்பரில், மாட்ரிடில் ஆடிய ஜெர்மன் நடுக்கள வீரர் சாமி கெதீராவின் முழங்கால் தசைநார் கிழிந்தது. இவ்வளவையும் கண்ணெதிரே கண்ட ஒருவர், தான் விலக விரும்புவது தெரிந்துவிட்ட கிளப்பில் ஓராண்டைக் கழித்திருந்தால், அந்த ஓராண்டில் எத்தனை ஆட்டங்கள் கிடைத்திருக்கும் என்பதும் ஐயமே.

மாட்ரிடின் கதை இவற்றைவிடச் சிக்கலானது. அது வெல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடம் என்பது உண்மை: 2014 ஏப்ரலில் மியூனிக்கையே 1-0, 4-0 என்று வீழ்த்தி, மே மாதம் லிஸ்பனில் பத்தாவது ஐரோப்பியப் பட்டத்தை வென்றிருந்தது. அந்த இரண்டு அரையிறுதி ஆட்டங்களிலும் எதிரே நின்று ஆடியவர் குரோஸ். ஆனால் ஜெர்மன் வீரர்களை அந்தக் கிளப் எப்படி நடத்தியது என்பதற்கு அவர் கண்முன்னே இரண்டு சான்றுகள் இருந்தன, இரண்டுமே எச்சரிக்கைகள். 2010இல் அங்கே போன மெசூத் ஓசில், ரொனால்டோவுக்கு வரிசையாகக் கோல் வாய்ப்புகளைச் செய்து கொடுத்தவர். 2013இல் கேரத் பேல் வந்த கையோடு, டிரான்ஸ்ஃபர் காலத்தின் கடைசி நாளில் ஆர்சனலுக்கு விற்கப்பட்டார். அவரோடு போன கெதீரா காயத்திலிருந்து மீண்டு லிஸ்பன் இறுதியாட்டத்தில் முதல் பதினொருவரில் இறங்கியவர். குரோஸின் வருகை அவருடைய இடத்தைத்தான் முதலில் பறிக்கும் என்பது அன்றே வெளிப்படை. வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை வைத்துக்கொள்வதில் காட்டாத கிளப் அது.

கூட்டமும் அங்கே குறைவில்லை. ஷாபி அலோன்சோ, லூகா மோட்ரிச், ஆன்ஹெல் டி மரியா, இஸ்கோ, கெதீரா. குரோஸ் கையெழுத்திட்ட சில நாட்களில் ஹாமெஸ் ரொட்ரிகெஸும் வந்து சேர்ந்தார். மியூனிக்கின் நெரிசலைக் குறையாகச் சொன்னவர்கள் மாட்ரிடின் நெரிசலை மட்டும் ஏன் மன்னிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடையில்தான் நான்கு வழிகளின் தராசு சாய்கிறது. மியூனிக்கில் குரோஸுக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் அவரைப் போன்றவர்கள்: தியாகோவும் லாமும் ஷ்வைன்ஸ்டைகரும் பந்தைத் தாங்களே வாங்கி ஆட்டத்தை நடத்த விரும்புபவர்கள். மாட்ரிடில் அந்த வேலையைச் செய்தவர் அலோன்சோ ஒருவரே, அவருக்கு வயது 32. முன்னால் ரொனால்டோவும் பேலும் பென்சிமாவும் பந்துக்காகக் காத்திருப்பவர்கள், பந்தை நடத்த விரும்புபவர்கள் அல்லர். மோட்ரிச் பந்தோடு ஓடி இடத்தைத் திறப்பவர்; நின்ற இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் பந்தை அனுப்பும் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இருவரும் ஒருவரையொருவர் நிறைவு செய்வார்கள். காலியிடம் கிளப்பின் பெயர்ப் பட்டியலில் இல்லை, ஆட்டத்தில் இருந்தது. இது 2014 ஜூனிலேயே தெரியக்கூடிய விஷயம். அந்த ஆகஸ்டு இறுதியில் அலோன்சோ மியூனிக்குக்கே போய்ச் சேர்ந்தது, யாரும் திட்டமிடாத ஒரு கைமாற்றம் போல அமைந்துவிட்டது.

ஆஞ்செலோட்டியின் அழைப்புக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? பலரும் அதையே முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தக் கதையின் பயிற்சியாளர்களை வரிசையாகப் பாருங்கள்: குரோஸ் முடிவெடுப்பதற்கு முன்பே மோயஸ் போனார்; வான் ஹால் இரண்டு பருவங்கள் இருந்தார்; குவார்டியோலா 2016இல் மியூனிக்கை விட்டுக் கிளம்பினார்; ஆஞ்செலோட்டியோ குரோஸ் வந்த முதல் பருவம் முடிந்த கையோடு, 2015 மே மாதத்தில் நீக்கப்பட்டார். பயிற்சியாளரை நம்பி எடுத்திருந்தால் நான்கு வழிகளில் எதுவுமே இரண்டு ஆண்டுக்கு மேல் தாங்கியிருக்காது. மாட்ரிட் தேர்வு தாங்கியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஆறு ஆண்டு ஒப்பந்தம்: 2.5 கோடி யூரோ என்று சொல்லப்பட்ட டிரான்ஸ்ஃபர் தொகை மாட்ரிடுக்குச் சிறியதுதான், ஆனால் ஆறு ஆண்டுச் சம்பளப் பொறுப்பு எந்தக் கிளப்புக்கும் சிறியதன்று. இரண்டு, மோட்ரிச். பயிற்சியாளர்கள் மாறினாலும் பக்கத்தில் நிற்பவர் மாறவில்லை.

முதல் பருவம் இதற்கே ஒரு சோதனை. இலையுதிர்காலத்தில் அணி தொடர்ந்து 22 ஆட்டங்களை வென்றது. நவம்பரில் மோட்ரிச் காயமடைந்து மார்ச் வரை வெளியே இருக்க, தடுப்பு வேலையையும் தனியாகச் சுமந்த குரோஸ் தளர்ந்தார். அந்தப் பருவத்தில் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் கைநழுவின. 2015இல் கடனிலிருந்து தடுப்பு நடுக்கள வீரர் கசேமிரோ திரும்பி வந்து, 2016இல் புதிய பயிற்சியாளர் ஜினடின் ஜிடான் அவரை இருவருக்கும் பின்னால் நிறுத்திய பிறகே மூவரும் நிலைபெற்றார்கள். ஆகவே 2014இல் மாட்ரிட் முழுமையான விடையாக இருக்கவில்லை. அங்கே ஓர் ஆள் குறைந்தது. குறைந்த அந்த ஆள் கிளப்பின் கணக்கிலேயே, போர்ட்டோவில் கடனுக்கு ஆடிக்கொண்டிருந்தார் என்பது நல்ல வாய்ப்பு. அதைக் குரோஸின் தொலைநோக்காகக் காட்டுவது மிகை.

தேர்வுக்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. மாட்ரிடில் அவர் வென்றுகொண்டிருந்தபோது சொந்த நாட்டில் அவரைக் ‘குறுக்குப் பாஸ் டோனி’ என்று கேலி செய்தவர்கள் குறையவில்லை. 2018 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராக 95ஆம் நிமிடத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக் கோலுக்குப் பிறகும், அணி முதல் சுற்றோடு வெளியேறியதால், பழி அவர்மீதும் விழுந்தது. 2021இல் தேசிய அணியிலிருந்து விலகிய அவரை, தேசிய அணிப் பயிற்சியாளர் யூலியன் நாகெல்ஸ்மானின் அழைப்பு 2024இல் திரும்பக் கொண்டுவந்தபோதுதான் அவருக்குத் தாய்நாட்டின் முழு வரவேற்பு கிடைத்தது. மியூனிக்கில் இருந்திருந்தால், வாரந்தோறும் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பழகிய ஜெர்மன் ரசிகர்கள் இவ்வளவு தாமதித்திருக்க மாட்டார்கள்.

இதை மியூனிக்கின் கண்கொண்டும் பார்க்க வேண்டும், ஏனெனில் அவர்களுடையதும் ஒரு தேர்வுதான்: கேட்ட சம்பளத்தைக் கொடுப்பது, 2.5 கோடிக்கு விற்பது, ஓராண்டு கழித்து வெறுங்கையோடு விடுவது. சம்பளப் படிநிலை குலைந்தால் அடுத்தடுத்து எல்லோரும் வந்து நிற்பார்கள் என்ற அவர்களுடைய அச்சம் பொய்யன்று. சொந்த நாட்டு லீக்கில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அலோன்சோ ஆடிய மூன்று பருவங்களிலும் புண்டஸ்லீகா பட்டம் அவர்களுக்கே வந்தது, 2020இல் சாம்பியன்ஸ் லீக்கும் வந்தது. விலை கொடுத்தது ஐரோப்பிய இரவுகளில்தான். 2017 காலிறுதியிலும் 2018 அரையிறுதியிலும் 2024 அரையிறுதியிலும் அவர்களை வெளியேற்றியது குரோஸ் ஆடிய மாட்ரிட். அதில் 2024 ஏப்ரல் 30ஆம் தேதி மியூனிக்கில் நடந்த ஆட்டத்தின் 24ஆம் நிமிடத்தில், தன் பாதிக்கு அருகில் எவரும் நெருங்காமல் நின்றுகொண்டு, மாட்ரிடின் முன்கள வீரர் வினிசியஸ் ஓட வேண்டிய இடைவெளியைக் கையால் காட்டிவிட்டு, பேயர்னின் தடுப்பு வரிசை முழுவதையும் கடந்து தரையோடு அனுப்பிய பாஸ், கோலாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்து ஓய்வு பெறப்போகும் 34 வயது வீரர் அனுப்பிய பாஸ் அது. மார்ட்டினெஸுக்கு 4 கோடி கொடுத்த நிர்வாகம் குரோஸை 2.5 கோடிக்கு விட்டது கணக்குப்படி தவறாகாமல் இருக்கலாம். கடைசி ஓராண்டு வருவதற்கு முன்பே, 2013 கோடையில் மூன்று பட்டங்களை வென்ற சூட்டோடு, அந்தச் சம்பளப் பேச்சை முடிக்காமல் விட்டதுதான் தவறு.